பூரணம் அடைத்த இடம்

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே, கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொடுக்கும் எங்கள் டிடிபி கடையின் கம்ப்யூட்டருக்குள் ஒரு கல்யாணம் ஏழு வருடமாகச் சத்தமில்லாமல் குடித்தனம் நடத்திவந்தது என்பதும், அதில் மாப்பிள்ளை என் வீட்டுக்காரர் என்பதும், பொண்ணு நான் இல்லை என்பதும் போன ஆவணி மாதம் தெரியவந்தது. எனக்கு எரிந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது வந்து முப்பிடாதி பொறாமைக்காரி என்று கண்டுபிடித்துச் சொல்லும் வேலை மிச்சமாகும்.

என் வீட்டுக்காரர் பெயர் தவசிலிங்கம். நல்ல மனுசன், பத்துக் கேள்வி கேட்டால் ஒரு பதில் சொல்வார், தட்டச்சில் கை பறக்கும், ஆனால் சின்ன ரகரமும் பெரிய றகரமும் அவர் விரலுக்கு ஒன்றுதான். நான் கடைக்கு வந்து பிழை பார்க்க ஆரம்பிக்கும்வரை இந்த ஊரில் எத்தனையோ பேர் 'நல்வறவை' விரும்பினார்கள், எத்தனையோ 'திறுமணம்' நடந்தது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கென்று ஒரு கல்யாணம் வந்தபோது, தன் பத்திரிகையைத் தானே அடித்து, பொண்ணு பூரணத்தின் தாய்மாமன் வீரய்யாவின் பெயரை 'வீறய்யா' என்று போட்டுவிட்டார். வீரய்யா கொஞ்சம் சத்தமாகப் பேசுகிற ஆள். என்னை வீறிட்டுக் கத்துகிறவன் என்று ஊர் பூராவும் பத்திரிகை வைத்துச் சொல்லிவிட்டான் என்று அவர் மூன்று தெருவுக்குக் கேட்கும்படி வீறிட்டுக் கத்தினார். இவர் அன்றைக்கே பெயரைத் திருத்திப் புதுப் பத்திரிகை தயார்செய்து வைத்தார், ஆனால் அது அச்சுக்குப் போவதற்குள் கல்யாணம் நின்றுபோனது.

ஆறு மாதம் கழித்து என்னைப் பேசி முடித்தார்கள். எங்கள் தொழிலில் யாரும் புதிதாக ஒரு பத்திரிகையை அடிப்பதில்லை, பழைய ஃபைலைத் திறந்து பெயர்களை மாற்றி வேறு பெயரில் சேவ் செய்துகொள்வோம், அப்படித்தான் இவர் பூரணத்தின் ஃபைலைத் திறந்து எல்லா இடத்திலும் என் பெயரைப் போட்டார், பின்னட்டையில் ஓர் இடத்தைத் தவிர. பத்திரிகை எல்லாம் அடித்து வந்த பிறகுதான் பார்த்தார்கள். ஸ்டிக்கர் அடித்து என் வீட்டுக்கு அனுப்பினார்கள், கல்யாணப் பொண்ணாகிய நானே எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து பூரணத்தின் பெயர் மேல் என் பெயரை ஒவ்வொன்றாக ஒட்டினேன். அது சித்திரை மாதம். வெயிலில் பசை இளகி, பாதி வீட்டில் ஸ்டிக்கர் கழன்று விழுந்துவிட்டதாகச் சொன்னார்கள். அன்றையிலிருந்து இவர் தன் வீட்டுக்கென்று எந்தப் பத்திரிகையும் அடிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டார். எங்கள் மகளுக்குக் காது குத்தியது ஒரு நகைக்கடையில், பத்து நிமிடத்தில், பத்திரிகை இல்லாமல். ஊருக்கெல்லாம் விசேஷம் அச்சடிக்கிற வீட்டில் எனக்கென்று வந்த ஒரே பத்திரிகை, ஸ்டிக்கர் ஒட்டிய அந்தப் பத்திரிகைதான்.

போன ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிய நேரத்தில் கம்ப்யூட்டர் இடமில்லை என்று சொல்ல ஆரம்பித்தது. சேவ் கொடுத்தால் இடமில்லை, பிரிண்ட் கொடுத்தால் இடமில்லை, காலையில் குப்பைத்தொட்டியைக் காலிசெய்து இரண்டு ஜிபி பிடித்து வைத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதுவும் போய்விடும். இவர் போட்டுவைத்திருந்த சினிமாக்களை அழித்தார், பழைய வாடிக்கையாளர் போட்டோக்களை அழித்தார், 'புதிய ஃபோல்டர்' என்ற பெயரில் ஒன்றிலிருந்து பதினெட்டு வரை வைத்திருந்ததையெல்லாம் திறந்து பார்த்துத் தூக்கினார். கடைசியில் எங்கள் மகள் முதல்முதலாக நடந்த வீடியோவும் அவள் பேசிய மழலையும் இருந்த ஃபோல்டருக்கு வந்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். தொழில் நிற்கக்கூடாது என்று நானே என் கையால் அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, சாவிக்கொத்தில் மாட்டினேன். அந்த இடமும் சாயங்காலத்துக்குள் நிறைந்துவிட்டது.

அப்புறம்தான் ஜெரால்டு அண்ணாச்சியைக் கூப்பிட்டோம். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர், ஐம்பது வயதுக்காரர், எந்த மிஷினையும் முதலில் காதை வைத்துக் கேட்பார். அவர் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டார். டிஸ்கில் உள்ள ஒவ்வொரு ஃபைலையும் அது ஒரு கலர்க் கட்டமாக வரைந்து காட்டும், பெரிய ஃபைல் பெரிய கட்டம், சின்ன ஃபைல் சின்னக் கட்டம், யார் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஊரின் கல்யாணமெல்லாம் கடுகு கடுகாகக் கிடந்த அந்தத் திரையில் முக்கால்வாசியை ஒரே ஒரு பச்சைக் கட்டம் பிடித்திருந்தது. ஜெரால்டு அண்ணாச்சி அதன் பெயரைப் படித்தார். பூரணம்.

என் மகள் இறங்கிப்போன இடத்தில் அவள் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

திறந்தோம். ஏழு வருடத்துக்கு முன் ஒரே பக்கமாக மூடிவைத்த ஃபைல் அன்றைக்கு நானூறு பக்கம் இருந்தது. முதல் பக்கத்தில் அந்தக் கல்யாணப் பத்திரிகை, வீரய்யா பெயர் திருத்தமாக இருந்தது, ஆகவே அந்த ஃபைலுக்குள் கல்யாணம் நடந்துவிட்டிருந்தது. அடுத்த பக்கத்தில் மறுவீட்டு அழைப்பு, அதற்கடுத்து ரயில்வே கேட்டுக்குத் தெற்கே புதுமனை புகுவிழா, அப்புறம் இரண்டாவது கடை திறப்பு, வளைகாப்பு, பெயர் சூட்டுவிழா, வருடா வருடம் பூரணத்துக்குப் பிறந்தநாள் விழா என்று ஒன்றன்பின் ஒன்றாக, தங்கக் கரை போட்டு, பிள்ளையார் வைத்து, பக்கம் நிறைய போட்டோக்களோடு அழைப்பிதழ்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசியில் ஒரு பக்கம் மெல்லத் துளிர்த்து, வருகிற ஆவணி இருபத்திரண்டாம் தேதி குலதெய்வம் கோவிலில் மகனுக்குக் காதணி விழா என்று எழுதிக்கொண்டது. போட்டோக்களில் இவர் பல் தெரியச் சிரித்தார். எங்கள் கல்யாண ஆல்பத்தில் அறுபது படம் இருக்கிறது, ஒன்றில்கூட இவருக்குப் பல் இருப்பது தெரியாது.

இவரே ஒளித்து அடித்துவைத்துக்கொண்டு நாடகம் ஆடுகிறாரோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து நானூறு பக்கத்துக்கும் பிழை பார்த்தேன். ஒரு றகரம்கூடத் தப்பாக இல்லை. இவர் அடித்தது இல்லை என்று எனக்கு உறுதியானது, ஆனால் வயிறு குளிரவில்லை, பிழையே இல்லாத வாழ்க்கையாக இருக்கிறதே என்று கூடக் கொஞ்சம் எரிந்தது.

ஜெரால்டு அண்ணாச்சி டீக்கடையில் சொன்னார், டீக்கடை ஊருக்குச் சொன்னது. மறுநாள் காலையிலிருந்து பெண்கள் வந்தார்கள், பூரணம் கட்டியிருந்த சேலைகளைப் பார்த்தார்கள், புதுமனையின் வாசல் கிழக்கா வடக்கா என்று கேட்டார்கள், பையன் தகப்பனைப் போலவா தாயைப் போலவா என்று என்னிடமே கேட்டார்கள். அப்புறம் இவருடைய சொந்தக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குப் படம் வேண்டாம், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே தங்கள் பெயர் இருக்கிறதா, இருந்தால் யாருக்குக் கீழே இருக்கிறது என்பதுதான் வேண்டும். எட்டையபுரத்துச் சித்தப்பா பெயர் வளைகாப்பில் விட்டுப்போயிருந்தது. அவர் என்னைப் பார்த்து, நீ இந்த வீட்டு மருமகள்தானே, பிழை பார்க்கிறவள்தானே, இதைக் கவனிக்க மாட்டாயா என்று கோபித்துக்கொண்டு போனார். என் புருசன் இன்னொருத்தியோடு நடத்திய வளைகாப்பில் பெயர் விட்டதற்கு நான் அவர் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

வீரய்யாவும் வந்தார். எல்லாப் பக்கத்திலும் தாய்மாமன் வரிசையில் முதல் பெயராக, சின்ன ரகரத்தோடு தன் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டு, கத்தாமல் கொள்ளாமல் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காதணி விழாவுக்குப் போகவேண்டுமா என்று ஊருக்குள் பேச்சு வந்தபோது, நேரில் வந்து தட்டு வைத்து அழைத்தார்களா, பத்திரிகையைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு எப்படிப் போவது என்று பெரியவர்கள் நியாயம் கேட்டார்கள். அதற்கு வீரய்யா, நூறு பிரதி அடித்து வாங்கி, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்து, வீடு வீடாகப் போய், குடும்பத்தோடு வந்துவிடவேண்டும் என்று முறைப்படி அழைத்தார். அழைத்த பிறகு போகாமல் இருப்பது எப்படி, இரண்டு வேன் பிடித்துப் போனார்கள். கோவிலில் பொங்கல் வைத்தார்கள், வீரய்யா வெறும் மடியோடு மணையில் உட்கார்ந்தார், ஆசாரி மடியை ஒரு தடவை பார்த்துவிட்டு காற்றில் இரண்டு குத்துக் குத்தினார், வீரய்யா அழுகிற பிள்ளையைத் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று வாங்க என்று கேட்கவில்லை என்பதைத் தவிர எல்லோருக்கும் திருப்தி. மறுநாள் ஃபைலில் 'வருகை தந்தோர்க்கு நன்றி' என்று வந்தவர் பெயரெல்லாம் வரிசையாக ஒரு பக்கம் வந்திருந்தது, வேனில் இடம் கிடைக்காதவர்கள் அதைப் பார்த்து ஒரு வாரம் வயிறெரிந்தார்கள். எதிர்ச்சந்து டிடிபிக்காரர்கூடத் தன்னிடம் கிடந்த இரண்டு நின்றுபோன கல்யாணங்களைத் தேடி எடுத்து மிஷினுக்குச் சூடம் காட்டிப் பார்த்தார், ஒன்றும் முளைக்கவில்லை என்று எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் கடையில் ஒரு பத்திரிகையும் சேவ் ஆகவில்லை, வந்த முகூர்த்தமெல்லாம் அடுத்த சந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அழித்துவிடலாம் என்று நான் சொன்னால், பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டை அழிப்பாயா என்று பெண்கள் என் வாயை அடைத்தார்கள். கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் நேராகக் கேட்டேன்.

"அழிச்சிரவா, வச்சிருக்கவா? நீங்க சொல்லுங்க."

இவர் கறிவேப்பிலையை ஒதுக்கினார். "நீயே பாத்துச் செய்" என்றார்.

ஆறு வருடமாக எதைக் கேட்டாலும் இதே பதில்தான். அவளை அழி என்றால் நான் பூரித்திருப்பேன், அழிக்காதே என்றால் அழுது ஓய்ந்திருப்பேன், இரண்டும் இல்லாமல் என்னை அந்தரத்தில் விட்டுவிட்டு மோர் கேட்டார். இவருக்கு அந்த வாழ்க்கை வேண்டியிருந்ததா, என் பெயர் இன்னும் இவர் மேல் ஸ்டிக்கராகத்தான் இருக்கிறதா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு வயர்க்கூடையோடு ஒரு பெண் கடை வாசலில் வந்து நின்றாள். போட்டோவில் பார்த்த முகம்தான், ஆனால் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து, முன்முடி கொட்டி, கை நரம்பு தெரிந்து, திருப்பூரிலிருந்து பேருந்தில் நின்றுகொண்டே வந்த முகம். உண்மையான பூரணம். கட்டிங் மாஸ்டர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இவர் எழுந்து, வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அட்டை வாங்கி வருகிறேன் என்று கிளம்பினார். நான் அந்த ஒரு வார்த்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன், அதில் எதுவும் கிடைக்கவில்லை.

அவளை நாற்காலியில் உட்காரவைத்து முதல் பக்கத்திலிருந்து காட்டினேன். பார்த்து மகிழப்போகிறாள், என் முன்னாலேயே மகிழப்போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினேன். புதுமனை வந்தது, வளைகாப்பு வந்தது. பிறந்தநாள் விழா வந்தபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

"இவ யாருக்கா?" என்றாள்.

நீதான் என்றேன்.

"நான் இல்ல. எம் பேர வச்சிக்கிட்டு இவ நல்லா இருக்கா. எம் புருசன் நல்லவருதான், ஆனா எனக்குப் பொறந்த நாளுன்னு ஒண்ணு இருக்கதே அவருக்குத் தெரியாது. இவளுக்கு வருசா வருசம் பத்திரிக அடிச்சிருக்காக பாருங்க."

அந்த நிமிடம் எனக்கு அவள் மேல் இருந்த எரிச்சல் அப்படியே இடம் மாறியது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஒருத்தியைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தோம், அவளோ திரைக்குள் பட்டுச்சேலையில் நின்று கேக் வெட்டினாள். பூரணம் நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இவளுக்கு ஒரு நாளாவது காய்ச்சல் வருகிறதா, ஒரு நாளாவது தண்ணீர் வராமல் குடத்தைத் தூக்குகிறாளா என்று தேடினாள். எப்படி இருக்கும், அது பத்திரிகை ஃபைல், விசேஷம் இல்லாத நாளுக்கு யார் பத்திரிகை அடிக்கிறார்கள்?

"நாம அடிப்போம்க்கா" என்றாள் பூரணம்.

அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். நிகழும் மங்களகரமான ஆவணி மாதத்தில், செவ்வாய்க்கிழமை காலை, கேஸ் தீர்ந்துபோனதை முன்னிட்டு தவசிலிங்கத்துக்கும் பூரணத்துக்கும் சண்டை நடைபெறவிருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ இந்தப் பக்கம் வராமல் இருந்து எங்களைச் சிறப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சேவ் கொடுத்தேன். பல நாள் கழித்து முதல்முறையாக, இடமில்லை என்று சொல்லாமல் சேவ் ஆனது. ஜெரால்டு அண்ணாச்சியின் புரோகிராமைத் திறந்து பார்த்தால் பச்சைக் கட்டம் ஒரு விரற்கடை சுருங்கியிருந்தது. மறுநாளைக்குப் பையனுக்கு வயிற்றுப்போக்கு என்று அடித்தோம், அதற்கு மறுநாள் துவைத்த துணி மழையில் நனைந்ததை அடித்தோம், எதைக் கேட்டாலும் நீயே பாத்துச் செய் என்று அவர் சொல்வதால் அவள் ஒரு வாரம் பேசாமல் இருப்பதை நான் என் சொந்தப் பொறுப்பில் நான்கு பக்கத்துக்கு அடித்தேன். ஒவ்வொரு சேவுக்கும் கட்டம் குறைந்தது. தங்கக் கரைகள் மங்கின, இரண்டாவது கடை மூடியது, சேலைகள் நைந்தன, போட்டோவில் இவருடைய சிரிப்பு பல்லை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டு நான் தினமும் பார்க்கிற வாயாக ஆனது. மத்தியானம் இரண்டு மணிக்குத் திரையில் இருந்தவள் கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்தது. பூரணம் அதைப் பார்த்துச் சிரித்தாள், பாவம் என்றாள், அப்புறம் கொஞ்சம் அழுதாள். நான் மீதமிருந்த எலுமிச்சைச் சோற்றை இரண்டு தட்டில் போட்டேன்.

சாயங்காலப் பேருந்துக்கு அவள் கிளம்பும்போது பச்சைக் கட்டம் மற்ற கல்யாணங்களோடு கடுகாகக் கிடந்தது. ஃபைலின் கடைசியில் ஒரே ஒரு வரி தானாக வந்திருந்தது. இனிப் பத்திரிகை அடிப்பதில்லை, சொந்தபந்தங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், இருப்பதைப் போடுவோம். வீரய்யா அதைப் படித்துவிட்டு, இதுதான் ஒழுங்கான குடும்பம் என்று ஊரெல்லாம் சொன்னார், ஊரும் அத்தோடு அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டது. இவர் அன்றைக்கு அட்டை வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பிவந்து, பேருந்து போய்விட்டதா என்றுகூடக் கேட்காமல் உட்கார்ந்தார். என் மகளின் வீடியோவைப் பென் டிரைவிலிருந்து இறக்கி பழைய இடத்தில் வைத்தேன். இடம் கிடைத்தது, ஆனால் எனக்குத் தெரியவேண்டியது தெரியவில்லை.

புரட்டாசியில் முகூர்த்தம் இல்லை, கடை காற்றாடியது. ஒரு காலை, கை பழகிப்போன பழக்கத்தில் கட்டங்கள் காட்டும் புரோகிராமைத் திறந்தேன். எல்லாம் கடுகு. ஓர் ஓரத்தில் முந்தாநாள் இல்லாத ஒரு புதுக் கடுகு இருந்தது, பெயர் முப்பிடாதி. எனக்கு மறுபடி பற்றிக்கொண்டது. என் பெயரை வைத்துக்கொண்டு எவள் உள்ளே நன்றாக இருக்கிறாள், அவளுக்கு எத்தனை மாடி வீடு, அவள் புருசன் எத்தனை பல் காட்டிச் சிரிக்கிறான் என்று திறந்தேன்.

ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. தங்கக் கரை இல்லை, போட்டோ இல்லை.

'நிகழும் மங்களகரமான புறட்டாசி மாதம் வறுகிற செவ்வாய்க்கிழமை காலை கடையை அடைத்துவிட்டு, பின்னட்டையில் ஸ்டிக்கர் ஒட்டவைத்ததற்கு ஆறு வறுடம் கழித்து வறுத்தம் தெறிவிக்கும் முகமாக, என் மனைவி திறுமதி முப்பிடாதியைக் கழுகுமலைக்கு அழைத்துச் செல்ல இறுப்பதால், தாங்கள் அவசியம் வந்து சிறப்பிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நல்வறவை விறும்பும், தவசிலிங்கம். வேறு யாறும் இல்லை.'

எண்ணிப் பார்த்தேன், பத்துப் பிழை. இது தானாக முளைத்தது இல்லை. கை தன் வழக்கத்துக்குத் திருத்தப் போனது, பிடித்து நிறுத்திக்கொண்டேன். நல்ல ஐவரி அட்டையாக எடுத்து, ஒரே ஒரு பிரதி அடித்தேன். இவர் கட்டிங் மிஷின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, அடித்த சத்தம் கேட்காதவர் மாதிரி நின்றார்.

"பத்திரிகய மிஷின்ல வச்சிட்டா ஆச்சா? நேர்ல வந்து அழைக்க வேண்டாமா?" என்றேன்.

இவர் திரும்பினார். கையைத் துடைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கின் மூடியை எடுத்து வேட்டியில் துடைத்து, சாமி படத்துக்குக் கீழே இருந்த குங்குமச் சிமிழை அதில் வைத்து, பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி அதன் மேல் வைத்து, இரண்டு கையாலும் என் முன்னால் நீட்டினார். பல் தெரிந்தது.

"குடும்பத்தோட வந்திரணும்" என்றார்.